வேலூர் வெயிலில் ஒரு பிரீமியம் ஹேட்ச்பேக்: செகண்ட் ஹேண்டில் வாங்குவது முதல் ஒரு வருடம் ஓட்டுவது வரை

பலேனோ, ஐ20, கிளான்ஸா, ஆல்ட்ராஸ், இப்போது புதிதாக வராத போலோ, ஜாஸ் என்று நாலு மீட்டருக்குள் அடங்கும் வண்டிகளைப் பற்றியது இது. புதிதாக எடுப்பவர்கள் முதல் மூன்று பகுதிகளைத் தாண்டி நாலாவதிலிருந்து படிக்கலாம்.

சொந்தக்காரர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் கூடப் போய் வண்டி பார்த்துக் கொடுத்ததில் ஒன்று தெரிந்தது. செய்ய வேண்டியதை யாரும் அடியோடு விடுவதில்லை, வரிசையைத்தான் மாற்றிவிடுகிறார்கள். வண்டி வந்த மறுநாளே சீட் கவர், ஆண்ட்ராய்டு செட். டயரும் பேட்டரியும் ஆறு மாதம் கழித்து நடுரோட்டில் நின்ற பிறகு.

கையில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான்: டயர் காற்றைப் பார்க்க ஒரு கேஜ், ஜம்பர் கேபிள், நல்ல டார்ச், வண்டிக்கென்று ஒரு நோட்டு. இதோடு, வாங்கும் விலையில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் தனியாக வையுங்கள். பழைய வண்டி முதல் மூன்று மாதத்தில் அதைக் கேட்டுவிடும்.

1. முதலில் ஆர்சி, பிறகுதான் வண்டி

வண்டியை முதலில் பார்த்தால் மனசு அதில் போய்விடும், அதற்குப் பிறகு காகிதத்தில் இருக்கும் ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. அதனால் நேரில் போகும் முன்பே ஆர்சி (பதிவுச் சான்று) போட்டோவை வாங்கி, அரசின் பரிவாகன் தளத்தில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரை, கடன் பதிவு நிற்கிறதா, அபராதம் பாக்கி உண்டா என்று நாலும் அங்கேயே தெரியும்.

கடன் பதிவுதான் பெரும்பாலும் காலை வாரும். பேங்கில் கடன் கட்டி முடித்தாலும், பேங்க் கொடுக்கும் தடையில்லாச் சான்றோடு படிவம் 35 கொடுத்தால்தான் ஆர்சியிலிருந்து அந்தப் பதிவு போகும். "எல்லாம் கட்டியாச்சு சார்" என்று ஒருவர் சொன்னதை நம்பி முழுப் பணமும் கொடுத்தவன் நான். படிவத்தில் கையெழுத்து வாங்க மட்டும் மூன்று முறை பெங்களூர் போய் வந்தேன். ஒரு நடைக்குப் போக வர நானூறு கிலோமீட்டருக்கு மேல். பதிவு நீங்கும் வரை ஒரு தொகையைப் பிடித்து வையுங்கள், பேச்சு தானாக வேகமாகும்.

வேலூருக்குப் பெங்களூரும் சித்தூரும் பக்கம் என்பதால் கேஏ, ஏபி வண்டிகள் மலிவாகக் காதில் விழும். விலையை ஒப்பிடும்போது இதையும் சேருங்கள்: அந்த ஊர் ஆர்டிஓவில் படிவம் 28 என்ற தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், இங்கே ஆயுள் வரி கட்ட வேண்டும், டிஎன் எண் மாற்ற வேண்டும். அங்கே கட்டிய வரியில் மீதி திரும்பக் கிடைக்கும் வழி உண்டு, ஆனால் அந்தப் பணம் வந்துவிட்டதாக நினைத்துக் கணக்குப் போடாதீர்கள். வித்தியாசம் ஐம்பதாயிரத்துக்குள் என்றால் நம் பக்கத்து டிஎன் 23, டிஎன் 73, டிஎன் 83 வண்டியே மேல் என்பது என் கணக்கு.

2. வண்டி பார்க்கப் போவது காலையில்

நேரம் ஏன் முக்கியம் என்றால், ஓடிச் சூடான இன்ஜின் பல குறைகளை மறைத்துவிடும். "வரும்போது ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க" என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறது என்றால் யாரோ முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள். டீ குடித்துவிட்டு வருகிறோம் என்று கிளம்பி, இன்னொரு நாள் வாருங்கள்.

குளிர்ந்த நிலையில் ஒரே செல்ஃபில் பிடிக்க வேண்டும். சைலன்சரில் நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை ஐந்து நிமிடம் கழித்தும் நிற்கவில்லை என்றால் கூலன்ட் உள்ளே போகிறதோ என்று சந்தேகப்படுங்கள்.

அடுத்து பானெட், டிக்கி, கதவு போல்ட்டுகள். கம்பெனியில் முடுக்கிய போல்ட்டின் தலையில் பெயிண்ட் உடைந்திருக்காது. ஸ்பேனர் தடம் இருந்தால் கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள் என்று பொருள். ஒரு கதவுக் கண்ணாடியில் மட்டும் வேறு வருடக் குறி இருந்தாலும் கேள்வி கேளுங்கள்.

சென்னையில் ஓடிய வண்டி என்றால் இன்னொரு வேலை. 2015 டிசம்பர், 2023 டிசம்பர் வெள்ளங்களில் முங்கிய வண்டிகள் கழுவித் துடைத்து வெளியூர்களுக்கு வந்தன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். மேல் முனை வெளுப்பாகவும் அடிப்பக்கம் ஒரு கோட்டுக்குக் கீழே செம்மண் நிறமாகவும் இருந்தால் தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது. ஸ்டெப்னி இருக்கும் குழியிலும் டார்ச் அடியுங்கள். விற்பவர் கார்ப்பெட்டை மாற்றியிருப்பார், பெல்ட்டை மாற்ற யாருக்கும் தோன்றாது.

ஆட்டோமேட்டிக் என்றால் எந்த வகை என்று கேட்டே ஆக வேண்டும். ஏஎம்டி, சிவிடி, டூயல் கிளட்ச் மூன்றும் வேறு வேறு. உலர் டூயல் கிளட்ச் (ஆயிலில் முங்காமல் ஓடும் கிளட்ச்) வண்டியைக் காட்பாடி மேம்பால நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினால் கிளட்ச் சூடாகும். அந்த வண்டிகளில் ட்ரையல் பார்க்கும்போது வெற்று ரோட்டில் பறக்காமல், ஐந்து நிமிடம் நெரிசலில் ஊர்ந்து பாருங்கள். குலுங்கினால் வேண்டாம்.

3. பெயர் மாற்றமும் இன்சூரன்ஸும் ஒரே வாரத்தில்

படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்தை வண்டி கைமாறும் அன்றே வாங்குங்கள். "அப்புறம் பாத்துக்கலாம்" என்றால் விற்றவர் போன் எடுப்பது குறைந்துகொண்டே போகும்.

ஆர்சி மாறினால் இன்சூரன்ஸும் கூடவே மாறிவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். மூன்றாம் நபருக்கான பகுதி தொடரும். உங்கள் வண்டிக்கு அடிபட்டால் காசு தரும் பகுதி தானாக மாறாது, 14 நாளுக்குள் எழுதிக் கொடுத்து மாற்ற வேண்டும். க்ளெய்ம் இல்லாததற்கான தள்ளுபடி வண்டியோடு வராது, அது பழைய ஓனருக்குச் சொந்தம். நீங்கள் முன்பு ஒரு வண்டி வைத்து விற்றிருந்தால், உங்கள் பழைய தள்ளுபடியை இதற்குக் கொண்டுவரலாம். கேட்காமல் யாரும் தர மாட்டார்கள்.

4. முதல் செலவு டயருக்கு

பிரீமியம் ஹேட்ச்பேக்கின் உயர் மாடல்களில் வழக்கமான அளவு 195/55 ஆர்16, அதாவது 16 இன்ச் வீல். சாதாரண மாடலில் 185/65 ஆர்15 இருக்கும். முதலாவதன் பக்கச் சுவர் 107 மில்லிமீட்டர், இரண்டாவது 120. இந்த 13 மில்லிமீட்டர் ரப்பர்தான் பள்ளத்தில் விழும்போது அலாய் வீலைக் காப்பாற்றுவது. சர்வீஸ் ரோட்டில் திடீரென்று வரும் பள்ளத்தில் 16 இன்ச்காரர்கள்தான் முதலில் ரிம் வளைத்துக்கொண்டு வருகிறார்கள். அழகுக்காக 17 இன்ச் போடப் போகிறேன் என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை, பஞ்சர் கடை நம்பரை மட்டும் கொடுத்துவிடுவேன்.

டயரின் வயது பக்கத்தில் நாலு இலக்கமாக இருக்கும். 2321 என்றால் 2021-ம் வருடம் 23-வது வாரம். ஆறு வருடம் தாண்டியது என்றால் பட்டன் (ரோட்டைப் பிடிக்கும் மேல் ரப்பர்) நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள். நம் வெயிலில் ரப்பர் உள்ளுக்குள் காய்ந்துவிடுகிறது, பக்கச் சுவரில் நகம் வைத்துப் பார்த்தால் மெல்லிய வெடிப்பு தெரியும். பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தால் சட்டப்படியும் முடிந்தது.

காற்று விஷயத்தில்தான் அதிகம் தடுக்கிறார்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் எண், டயர் குளிர்ந்திருக்கும்போது இருக்க வேண்டிய அளவு. என் வண்டிக்கு 33 பிஎஸ்ஐ. ஒரு மே மாதம் காலை ஆறு மணிக்கு வீட்டில் 33 பார்த்து, ஆம்பூர் வரை ஹைவேயில் போய் அளந்தேன், 38 காட்டியது. கூட வந்த மச்சான், "மாமா, காத்து ஜாஸ்தியா கீது, வெடிச்சிடப் போது, இறக்கிடலாம்" என்று குனிந்துவிட்டான். அதைச் செய்யக் கூடாது. சூட்டில் ஏறியதை அங்கே இறக்கினால், மறுநாள் காலை 28-ல் ஓட்டுவீர்கள். காற்று குறைந்த டயர் அதிகம் மடங்கி மடங்கி இன்னும் சூடாகும். ஹைவேயில் வெயில் காலத்தில் டயர் வெடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் குறைந்த காற்றுதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலையில், வீட்டுக்குப் பக்கத்துப் பங்கிலேயே பிடியுங்கள். ஐந்து பேரும் மூட்டையும் ஏறினால் ஸ்டிக்கரில் முழு லோடுக்கான எண்ணைப் பாருங்கள்.

நைட்ரஜன் போடலாமா என்றால், போடலாம். சாதாரணக் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான்.

ஸ்டெப்னியை மறக்காதீர்கள். பல வண்டிகளில் அது ஓடும் டயரை விடச் சின்ன அளவு. அதன் மேல் எழுதியிருக்கும் வேகத்தைத் தாண்டாமல் பஞ்சர் கடை வரைக்கும் மட்டும்.

5. மார்ச் முடிவதற்குள் கூலன்ட்டும் ஏசியும்

மரமில்லா மலை, நீரில்லா ஆறு என்று நம் ஊரைச் சொல்வார்கள். இரண்டும் வண்டியைத்தான் பாதிக்கின்றன. மலைப் பாறை பகலில் வாங்கிய சூட்டை இரவில் விடுகிறது, அக்னி நட்சத்திரத்தில் காலை எட்டு மணிக்கே ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கும். ஏப்ரலில் மெக்கானிக்கிடம் போனால் கூட்டம். மார்ச்சிலேயே முடியுங்கள்.

கூலன்ட் டப்பாவில் அளவு இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்க வேண்டும். குளிர்ந்த பிறகு மட்டும் திறங்கள். சூட்டில் மூடியைத் திறந்து கை வெந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குறைந்திருந்தால் புத்தகத்தில் சொன்ன கூலன்ட்டையே ஊற்றுங்கள். பச்சையும் சிவப்பும் நிறம் மட்டும்தான், ஒரே நிறம் என்பதற்காக இரண்டு வேறு கூலன்ட்டைக் கலக்க முடியாது. போர் தண்ணீர் ஒரு டம்ளர் கூட வேண்டாம். நம் பக்கத்து நிலத்தடி நீரில் இருக்கும் உப்பு ரேடியேட்டர் குழாய்க்குள், டீ கெட்டிலின் அடியில் படிவதைப் போலப் படியும். அவசரத்துக்கு ஊற்றித்தான் ஆக வேண்டும் என்றால் டிஸ்டில்ட் வாட்டர்.

சில வண்டிகளில் டெம்பரேச்சர் முள் கிடையாது. நீல விளக்கு என்றால் இன்ஜின் இன்னும் சூடாகவில்லை, சிவப்பு என்றால் ஆபத்து. சிவப்பு எரிந்தால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுசாக வைத்து ஓரம் கட்டுங்கள். ஹீட்டர் இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும். வேர்த்துக் கொட்டும், ஆனால் ஹெட் கேஸ்கெட் பிழைக்கும்.

ஏசி குளிரவில்லை என்றதும் "கேஸ் போட்டுடலாம்" என்பார்கள். கேஸ் பெட்ரோல் போலத் தீர்ந்துபோகும் பொருள் இல்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது. கசிவைப் பார்க்காமல் வருடா வருடம் கேஸ் அடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது. நான் பார்க்கும் வரிசை இது: முதலில் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டர். அதைக் கழற்ற ஸ்பேனர் கூடத் தேவையில்லை. போன வருடம் எதிர்வீட்டு அக்கா வண்டியில் அதை உருவியபோது வேப்பம்பூவும் சருகும் ஒரு கைப்பிடி கொட்டியது. புதிது போட்டதும் "இதுக்கா ரெண்டாயிரம் கேட்டாங்க?" என்றார். அடுத்தது முன் பம்பருக்குப் பின்னால் இருக்கும் கண்டென்சர். அதில் லாரித் தூசியும் பூச்சியும் அடைத்திருக்கும். மெதுவான தண்ணீரில் கழுவுங்கள், வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கிட்டே வைத்தால் அதன் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். இரண்டும் சரியாக இருந்தும் குளிரவில்லை என்றால்தான் கேஸ் பேச்சு.

6. பேட்டரி

குளிர்தான் பேட்டரியைக் கொல்லும் என்பது வட இந்தியக் கதை. இங்கே வெயில் கொல்கிறது. பலருக்கு மூன்றாவது வருடத்திலேயே போகிறது. இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட், இன்ஜின் ஓடும்போது 14-ஐ ஒட்டி இருக்க வேண்டும். மூன்று வருடம் ஆனதும் மே மாதத்துக்கு முன் கடையில் லோடு டெஸ்ட் செய்துகொள்ளுங்கள்.

சிக்னலில் தானாக நின்று தானாகக் கிளம்பும் வண்டி என்றால் பேட்டரி பெரும்பாலும் இஎஃப்பி என்ற தனி வகையாக இருக்கும். விலை அதிகம் என்று சாதாரணப் பேட்டரி போட்டால் அடிக்கடி செல்ஃப் அடிக்கும் சுமையை அது தாங்காது.

7. ஆயில்: கிலோமீட்டர் இல்லை, மாதம்

பெரும்பாலான பெட்ரோல் ஹேட்ச்பேக்குகளுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. "நாலாயிரம்தான் ஓடிச்சு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்பவர்களின் ஆயில்தான் மோசமாக இருக்கும். சத்துவாச்சாரியிலிருந்து சிஎம்சி ஆஸ்பத்திரி வரைக்கும் போய்த் திரும்புவதில் ஆயில் முழுச் சூட்டுக்கே வருவதில்லை. உள்ளே சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் ஆயிலோடு கலந்து கிடக்கும். மாதம் ஒருமுறை பள்ளிகொண்டா தாண்டி ஒரு நீள ஓட்டம் ஓட்டினால் வண்டிக்கும் நல்லது.

வெயில் ஊர் என்பதால் கெட்டியான ஆயில் நல்லது என்று சில கடைகளில் சொல்வார்கள். மெல்லிய 0டபிள்யூ-20 கேட்கும் இன்ஜினில் கெட்டியான 20டபிள்யூ-40 ஊற்றாதீர்கள். இந்த இன்ஜின்களின் ஆயில் வழிகள் மெல்லியவை, வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பும் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. கெட்டி ஆயில் அங்கே நேரத்துக்குப் போய்ச் சேராது.

2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி என்றால் சர்வீஸில் பெட்ரோல் ஹோஸ்களையும் பார்க்கச் சொல்லுங்கள். பங்கில் இப்போது வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் அதற்காகச் செய்ததில்லை.

8. கழுவுவது

உச்சி வெயிலில் கழுவினால் தண்ணீர் துடைக்கும் முன்பே காய்ந்து, உப்பு வெள்ளை வட்டமாக நிற்கும். கறுப்பு வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும் அந்த வேதனை. கண்ணாடியில் படிந்தால் இரவில் எதிர்வண்டி வெளிச்சம் சிதறும். சாயங்காலம் கழுவி, மைக்ரோஃபைபர் துணியால் உடனே ஒற்றுங்கள். காவிரித் தண்ணீர் வரும் நாளில் கடைசி ஒரு பக்கெட்டை அதில் ஊற்றுவேன். வீட்டில் இதற்கு அனுமதி இல்லை, அதனால் அரைப் பக்கெட்.

புங்க மர நிழல் நல்ல நிழல், ஆனால் மேலே பிசுபிசுவென்று ஒட்டும். காக்கா எச்சத்தை அன்றைக்கே ஊறவைத்துத் துடையுங்கள், இரண்டு நாள் வெயில் பட்டால் பெயிண்ட்டில் தடம் விழும்.

9. ஏலகிரிக்கு முன் பிரேக்

புது வண்டிக்காரர்களின் முதல் குடும்பப் பயணம் ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதில் பிரச்சினை இல்லை. இறங்கும்போது மூன்றாவது கியரில் விட்டு, பிரேக்கிலேயே கால் வைத்து வருவார்கள். பாதி மலையில் கருகிய வாடை, அதற்குப் பிறகு பெடல் மெத்தென்று இறங்கும்.

சித்தப்பா அப்படித்தான் ஒரு வளைவில் நிறுத்தி, வீல் மேல் ஊற்றத் தண்ணீர் பாட்டிலைத் திறந்துவிட்டார். "சித்தப்பா, ஊத்தாதீங்க" என்று கையைப் பிடித்தேன். கொதிக்கும் டிஸ்க்கில் பச்சைத் தண்ணீர் பட்டால் வளையும். ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் ஆறவிட்டால் போதும்.

ஏறிய கியரிலேயே இறங்குங்கள், இரண்டாவதில். ஆட்டோமேட்டிக் என்றால் எல் அல்லது மேனுவல் நிலை. மேட்டில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரால் வண்டியைப் பிடிக்காமல் பிரேக்கால் பிடியுங்கள். பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். ஈரம் சேர்ந்தது சீக்கிரம் கொதித்துக் குமிழி விடும், அதுதான் அந்த மெத்தென்ற பெடல். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது மலைக்காகத்தான்.

10. மழையும் எலியும்

அக்டோபரில் வைப்பர் ரப்பரை மாற்றுங்கள், கோடை அதை வெடிக்க வைத்திருக்கும். ரயில்வே பாலத்துக்கு அடியில் தேங்கிய தண்ணீரில் முன்னால் போகும் பஸ்ஸைப் பார்த்து இறங்காதீர்கள். நம் வண்டி காற்று இழுக்கும் வாய் பம்பருக்குச் சற்று மேலேதான். உள்ளே நின்றுவிட்டால் மறுபடி செல்ஃப் அடிக்கவே கூடாது. சிலிண்டருக்குள் போன தண்ணீரை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். தள்ளி வெளியே கொண்டுவந்து, டோவுக்குச் சொல்லுங்கள். இந்தச் சேதம் சாதாரண பாலிசியில் வராது, இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்க்க வேண்டும்.

மழை தொடங்கினால் எலி சூடான பானெட்டுக்குள் ஏறும். அரிசி மூட்டை, நாய்க்குப் போட்ட சாப்பாடு பக்கத்தில் நிறுத்தாதீர்கள். ஒரு வாரம் ஓட்டவில்லை என்றால் பானெட்டைத் திறந்து பார்த்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.

11. கடைசியாக அலங்காரம்

இத்தனைக்கும் பிறகு மீதிப் பணம் இருந்தால் ஆக்சசரி கடை. வயரை வெட்டிப் போடும் எதையும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பிளக் சொருகும் வகை கிடைக்கிறது, வயர் வெட்டினால் வாரண்டியும் வெட்டுப்படும். கறுப்பு ஃபிலிம் ஆசை வேண்டாம், பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமாவது வெளிச்சம் உள்ளே வர வேண்டும் என்பது விதி. நிறுத்தும்போது முன் கண்ணாடிக்கு மடக்குத் தட்டி போதும்.

சீட் கவர் வாங்கும் முன், சீட்டின் கதவுப் பக்க ஓரத்தில் ஏர்பேக் என்று சின்ன லேபிள் தைத்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த இடத்தைத் திறந்துவிட்டோ, உடனே பிரியும் நூலில் தைத்தோ வரும் கவர்தான் வாங்க வேண்டும். கடையில் ரெடியாகத் தொங்குவது பெரும்பாலும் நாலு பக்கமும் இறுக்கித் தைத்தது. கடைக்காரரிடம் கேட்டால் "ஒண்ணும் ஆகாது சார்" என்பார். லேபிளைக் காட்டிக் கேளுங்கள்.